பாட்டு விட்டுருச்சு

என் பெயர் தமிழ்வாணி. எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். வாயால் சொல்லப் போனால் 'த'விலேயே வண்டி நின்றுவிடும். நான் த, த, த என்று உதைத்துக்கொண்டே இருப்பேன், கேட்டவருக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிடும். எனக்குத் திக்குவாய். அதனால் யார் கேட்டாலும் 'வாணி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். 'வ' எனக்கு வரும். 'ம'வும் 'ந'வும் வரும். 'த' தகராறு பண்ணும். 'ப' சுத்தமாக ஆகாது.

இந்தப் பெயரை வைத்தவர் எங்க அப்பா பேயாண்டி. எழுமலைப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறார். மேடைப் பேச்சு என்றால் அவருக்கு உயிர். எந்தக் கட்சி என்றெல்லாம் பார்க்க மாட்டார், மைக்கைக் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். மகள் ஒருநாள் மேடையேறி ஊரையே வாயடைக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் வைத்த பெயர். மகளுக்குத்தான் வாய் அடைத்துக்கொண்டது.

அம்மா சின்னத்தாய் என் நாக்கில் தடவாத மருந்து இல்லை. வசம்பைச் சுட்டு, உரசி, தேனில் குழைத்துத் தேய்ப்பாள். எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு வசம்பு என்று வாயால் சொல்லக் கூடாது. கடையில் போய் 'பேர் சொல்லாதது குடுங்க' என்றுதான் கேட்க வேண்டும். பேர் சொல்ல முடியாதவளுக்குப் பேர் சொல்லாத மருந்து. அந்தக் கசப்பு நாக்கில் இருக்கும்போதே இதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

மருந்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் செய்யும் உதவிதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். நான் 'ப' என்று ஆரம்பித்தால் போதும், எதிரில் இருப்பவர் மீதியை முடித்துக் கொடுத்துவிடுவார். டீக்கடையில் பன் வாங்கப் போய் எத்தனையோ நாள் பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருக்கிறேன். நான் படிக்கும் கல்லூரியும் விடுதியும் இருப்பது பசுமலையில். பெரியார் பஸ் நிலையத்தில் ஏறினால் கண்டக்டர், "எங்கம்மா?" என்பார். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். நான் 'மூலக்கரை' என்று சொல்லிவிடுவேன். 'ம' வருமல்லவா. முந்தின நிறுத்தமான மூலக்கரையில் இறங்கி, வெயிலில் பசுமலைக்கு நடந்து வருவேன். இரண்டரை வருஷமாக இதுதான் நடக்கிறது. நல்ல உடற்பயிற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நான் திக்காத இடம் ஒன்று உண்டு. கபடி ஆடுகளம்.

ரைடு போவதை எங்கள் பக்கம் 'பாடிப் போறது' என்பார்கள். எதிராளியின் களத்துக்குள் நுழைந்து, யாரையாவது தொட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பும் வரை கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பாட்டு. இடையில் மூச்சை உள்ளே இழுத்தால் பாட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம், ஆள் அவுட். பேசினால்தான் எனக்குத் திக்கும், பாடினால் திக்காது. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் தடவை பாடிப் போனபோது, என் வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. எதிரில் ஏழு பேர் என்னைப் பிடிக்க நின்றார்கள். நான் சந்தோஷத்தில் தொடவே மறந்துவிட்டேன்.

இப்போது எங்கள் கல்லூரி அணியில் அதிகப் புள்ளி எடுப்பவள் நான்தான். அதனால்தான் என்னை வைஸ் கேப்டனாகப் போட்டிருந்தார்கள். கேப்டன் பாண்டிமீனா, என் அறைத் தோழி. அவள் வாய் இரண்டு பேருக்குக் காணும். என் பங்கையும் அவளே பேசிவிடுவாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது, நாகமலை புதுக்கோட்டையில் அந்தச் சனிக்கிழமை வரும் வரை.

மலையடிவாரத்தில் பெரிய மைதானம். பெண்கள் கபடிக்கு இரண்டு நாள் போட்டி, ஜெயிக்கிற அணி மாநில அளவில் ஆடப் போகும். சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக மதுரை நகரத்து கிளப் அணி. அவர்களிடம் ரோகிணி என்று ஒரு ரைடர். பனைமரத்துக்குப் பாதி உயரம், கால் நீட்டினால் நம் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் அவள் பாட்டில் ஒரு கள்ளம் இருந்தது. களத்தின் மூலைக்குப் போனதும் முகத்தைத் தோள் பக்கம் திருப்புவாள். உதடு ஆடும். சத்தம் இருக்காது. கூட்டம் போடும் கூச்சலில் அந்த இடைவெளி யாருக்கும் கேட்காது. அதற்குள் மூச்சு உள்ளே போய்விடும்.

எனக்குக் கேட்டது. நான் நிற்பது அந்த மூலையில்தான். அதுபோக, பேச்சு எங்கே அறும் எங்கே ஒட்டும் என்று சின்ன வயசிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான். இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

களத்தில் நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். அந்த நேரம் பாண்டிமீனா அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தாள். ஆக, நான் பேச வேண்டும். நடுவர் அழகுராஜா சாரிடம் ஓடினேன். 'பாட்டு விட்டுருச்சு சார்' என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்தே 'ப'. வழக்கம்போல வேறு சொல்லுக்குத் தாவினேன்.

"மூச்சு சார்," என்றேன், நெஞ்சைத் தொட்டுக் காட்டி. "மூச்சு, மூச்சு."

அவர் பதறிப்போய் விசிலை ஊதிவிட்டார். இரண்டு கையாலும் டைம் அவுட் காட்டினார். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுதாம். தண்ணி கொண்டாங்க."

மைக்கில் வர்ணனை சொன்னவர் சும்மா இருப்பாரா? "பசுமலைப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது, சோடாவ ஒடைங்கப்பா," என்றார். மைதானமே சிரித்தது. ஒரு அக்கா ஓடிவந்து என் தலையில் தண்ணீரைத் தெளித்து, குனிய வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் நனைந்த கோழியாக நின்றேன். ரோகிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு மட்டும் நான் சொல்ல வந்தது புரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். மற்ற ஆட்டங்களில் ஜெயித்திருந்ததால் இறுதிப் போட்டிக்குள் வந்தோம், மறுபடியும் அவர்களோடேயே.

அன்று சாயங்காலம் கோச் சுருளி சார் எங்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வாணி, நாளைக்கு நாகஜோதி வைஸ் கேப்டனா இருக்கட்டும்ப்பா. ஒனக்கு எதுக்கு இந்தப் பேச்சு வேலையெல்லாம்? நீ பாட்டுக்கு ரைடு போ, வா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்கிறார்கள். கடைக்காரர் பஜ்ஜி கொடுத்ததும் நல்லதுக்குத்தான். எனக்குள் கோபம் கொதித்தது. நான் எழுந்து, "நா... நா..." என்று ஆரம்பித்தேன். எனக்கு வருகிற 'ந'கூட அன்றைக்கு வரவில்லை.

பாண்டிமீனா என் தோளில் கை போட்டாள். "சார், அவ என்ன சொல்றான்னா, நாகஜோதியே இருக்கட்டும்ங்குறா."

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் வேகமாகவே தட்டிவிட்டேன் போல, அவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் கைபேசியை எடுத்து நேரம் பார்த்தார். நான் நகரவில்லை. "நா... நா... நானே," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கும் ஒழுகியது. அதை எல்லாம் துடைக்காமல் நின்றேன். "நானே இரு... இருக்கேன் சார்."

பாண்டிமீனாவின் முகம் செத்துப்போயிருந்தது. அவள் என் பேச்சை முடித்துவைப்பது இது ஆயிரமாவது தடவையாக இருக்கும். தப்பாக முடித்திருக்கிறோம் என்று அவள் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

சார் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "சரி, இரு. ஆனா ஒண்ணு. நாளைக்கு களத்துல ஒரு பேச்சு வந்துச்சுன்னா நீதான் பேசணும். நான் வெளிய நின்னு கத்த மாட்டேன். நீ பேசலன்னா பாயிண்ட்டு போனது போனதுதான்."

"ச... சரி சார்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா எழுமலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் ஆடிப் பார்த்ததே இல்லை அவள். வந்ததும் வராததுமாகச் சுருக்குப் பையைத் திறந்தாள். உள்ளே சுட்ட வசம்பு.

"நாக்க நீட்டு ஆத்தா. ஒரு இழுப்பு இழுத்து விடுறேன்."

"வே... வேணாம்மா. நாக்கு நல்லாத்தான் இருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போய் முன்வரிசையில் இடம் பிடித்தாள். அப்பாவோடு குடும்பம் நடத்தியதில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது போல.

ஆட்டம் தொடங்கியதுமே தீப்பிடித்தது. அவர்கள் ஒன்று எடுத்தால் நாங்கள் ஒன்று. நாகஜோதி ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்தால் விடவே மாட்டாள், இழுத்துக்கொண்டே போனாலும் கூடவே போவாள். நான் பாடிப் போகும்போதெல்லாம் கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது. கபடி கபடி என்று என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்கும் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் பயமில்லை. என்னைப் பிடிக்க வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புக்கூட வரும்.

கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது ஒரு தொடுகைக்காகப் பாண்டிமீனா நடுவரோடு மல்லுக்கு நின்றாள். "கண்ணு தெரியுதா சார் ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள். மஞ்சள் அட்டை. இரண்டு நிமிஷம் வெளியே. ஆட்டம் முடியவே அவ்வளவு நேரம்தான் இருந்தது. இன்னொரு வார்த்தை பேசினால் அணிக்கே ஆபத்து என்று சுருளி சார் சொன்னதும், அவள் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆக, களத்தில் இனி நான்தான் கேப்டன்.

ரோகிணி பாடி வந்தாள். நேராக என் மூலைக்கு. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் முகத்தைத் தோள் பக்கம் திருப்பினாள். உதடு ஆடியது. சத்தம் நின்றது. மூச்சு உள்ளே போனது, எனக்கு அது பட்டாசுபோலக் கேட்டது. அடுத்த நொடி அவள் திரும்பி, நீட்டிய காலால் நாகஜோதியைத் தொட்டு, கையால் இன்னொருத்தியையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிக் குதித்தாள். அழகுராஜா சார் இரண்டு விரலைத் தூக்கினார். இனி மூன்று புள்ளி வித்தியாசம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அவ்வளவுதான், மாநிலப் போட்டி போய்விட்டது.

நான் கையைத் தூக்கினேன். கேப்டன் கை தூக்கினால் கடிகாரத்தை நிறுத்துவார்கள். நின்றது. நடுவர் என்னிடம் வந்தார்.

"என்னம்மா? டைம் அவுட்டா? அது ஒங்களுக்கு முடிஞ்சுபோச்சே."

இல்லை என்று தலையாட்டினேன். "ப..."

"பாயிண்ட்டா? ரெண்டு பேரத் தொட்டா, ரெண்டு பாயிண்ட்டு. சரியாத்தான் போட்ருக்கு."

"ப... ப..."

"பாண்டிமீனாவா? அந்தப் புள்ள உள்ள வர நேரம் இருக்கும்மா."

மைக் பிடித்தவருக்கு அல்வா கிடைத்துவிட்டது. "வண்டி ஸ்டார்ட் ஆகல போலருக்கு. ரெண்டு பேரு தள்ளி விடுங்கப்பா."

சிரிப்பு அலையாக எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே ஒரு குரல் வந்தது. ஒரு வயலில் நின்று மறு வயலில் இருக்கும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"யோவ், மைக்க ஆஃப் பண்ணுய்யா. எம்புள்ள பேசுறா."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். என் ஒவ்வொரு வார்த்தையையும் பாதியில் பிடுங்கி முடித்துக் கொடுத்தவள், அன்றைக்கு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மைக் அமைதியானது. கூட்டமும் அமைதியானது. அந்த அமைதி சிரிப்பைவிடப் பயமாக இருந்தது.

என் நாக்கு நுனியில் 'மூச்சு' தயாராக வந்து நின்றது. நான் இருக்கிறேன், என்னைச் சொல், நாம் தப்பித்துவிடலாம் என்றது. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வரும். முதுகைத் தடவுவார்கள். புள்ளி போகும். மூலக்கரையில் இறங்கி இறங்கி நான் நடந்த நடையெல்லாம் அந்த நேரத்தில் காலில் வலித்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஏழு பேர் நடுவே தனியாகப் போகிறவள், ஒற்றை எழுத்துக்காக இவ்வளவு காலம் ஓடி ஒளிந்திருக்கிறேன்.

ரைடில் இடுப்பைப் பிடித்துவிட்டார்கள் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? பிடித்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போவோம். விரல் நுனி கோட்டைத் தொட்டால் போதும். பிடி விழுந்தது வெட்கமில்லை, எல்லாருக்கும் விழுவதுதான். இழுக்காமல் படுத்துவிடுவதுதான் வெட்கம். 'ப' என்னைப் பிடித்திருக்கிறது. பிடித்துக்கொள்ளட்டும். அதையும் சேர்த்து இழுப்போம்.

நடுவரின் கண்ணைப் பார்த்தேன். "ப... ப... ப... பா..." கழுத்து நரம்பு புடைத்தது. தலை ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டது. அவ்வளவு பேரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பார்க்கட்டும். "பா... பா... பாட்டு."

"பாட்டா?"

"விட்டுருச்சு சார். ரோ... ரோகிணி. அந்த மூலையில. மூ... மூச்சு எடுத்தா." களத்தின் மூலைக் கோட்டருகே நின்ற உதவி நடுவரைக் காட்டினேன். "அவர கே... கேளுங்க."

அழகுராஜா சார் அவரிடம் போனார். அந்த மனிதர் கழுத்தைச் சொறிந்தார். "ஆமா சார். பாட்டு நின்னுச்சு. நீங்க பாயிண்ட்ட குடுத்துட்டீங்க, யாரும் கேக்கவும் இல்ல, நானும் சொல்லல."

நடுவர் நடுக்கோட்டுக்கு வந்து விசில் ஊதினார். ரோகிணி அவுட். அவர்களின் இரண்டு புள்ளி ரத்து, எங்களுக்கு ஒரு புள்ளி. ஆட்டம் சமம். பாண்டிமீனா வாயிலிருந்த துண்டை எடுத்து ஆகாசத்தில் எறிந்தாள், ஆனால் சத்தம் போடவில்லை. மைதானம் அவளுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டது. 

அவர்கள் கேப்டன் நடுவரிடம் பாய்ந்தாள். "சார், இவளுக்குத் திக்குவாய் சார். பாட்டு விடுறதே இவதான். பக்கத்துல நின்னு கேட்டுப் பாருங்க."

"கேக்குறேன்," என்றார் அழகுராஜா சார். "இன்னைக்கு எல்லாப் பாட்டையும் கேக்குறேன்."

கடைசி ரைடு. எங்களுடையது. நான்தான் போக வேண்டும்.

நடுக்கோட்டில் நின்றபோது ஒரு விஷயம் என் மண்டையில் இடித்தது. கபடி என்ற சொல்லுக்குள் ஒரு 'ப' இருக்கிறது. இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், ஒருநாளும் இது எனக்குத் தோன்றியதில்லை. இப்போது போய்த் தோன்றுகிறது. அடப் பாவி மனமே, உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா.

உள்ளே போனேன். கபடி கபடி கபடி. நடுவர் என் கூடவே பக்கவாட்டில் ஓடி வந்தார், காதை நீட்டிக்கொண்டு. ஒவ்வொரு 'ப'வும் எனக்குத் தனியாகத் தெரிந்தது, படிக்கட்டில் கீழே பார்த்துக்கொண்டே இறங்குவதுபோல. இடது பக்கம் போக்குக் காட்டினேன். அவர்கள் சாய்ந்தார்கள். வலது மூலைக்காரியின் தோளைத் தொட்டேன். தொட்டாயிற்று, திரும்ப வேண்டும். திரும்பும்போது இடுப்பில் ஒருத்தி, காலில் ஒருத்தி, ரோகிணியின் இடத்தில் நின்றவள் மேலே வந்து விழுந்தாள். முகம் மண்ணில் மோதியது.

கபடி கபடி கப...

நின்றது. 'ப'வில் நின்றது. களத்துக்குள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திக்கினேன். ஆனால் மூச்சை உள்ளே விடவில்லை. சத்தத்தையும் விடவில்லை. கப-ப-ப-ப-ப என்று அது போய்க்கொண்டே இருந்தது. நான் மூன்று பேரையும் இழுத்தேன். ப-ப-ப. முழங்கையால் ஊர்ந்தேன். ப-ப-ப-படி. விரலை நீட்டினேன். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கப-ப-படி. நடு விரலின் நகம் கோட்டில் பட்டது.

நீண்ட விசில். ஆட்டம் முடிந்தது.

என் மேல் கிடந்தவள் தலையைத் தூக்கிக் கத்தினாள், "பாட்டு விட்டுருச்சு சார்." அவர்கள் அணி மொத்தமும் கத்தியது, "விட்டுருச்சு சார், விட்டுருச்சு."

அழகுராஜா சார் என் வாயருகே மண்டியிட்டிருந்தார். அவர் முழங்காலில் மண். என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். நிதானமாக எழுந்தார்.

"திக்குச்சு," என்றார். "விடல."

எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. யார் யாரோ என்மேல் விழுந்தார்கள். நாகஜோதி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுக்குத் தெரிந்த பிடி அதுதான். சுருளி சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததால் அது பீ பீ என்று ஊதிக்கொண்டே இருந்தது. அம்மா வேலியைத் தாண்டி வந்து என் முகத்து மண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எம்புட்டு நேரம் இழுத்துட்ட," என்றாள். எதைச் சொன்னாள், பேச்சையா, ரைடையா என்று கேட்டேன். "ரெண்டையுந்தான்," என்றாள். ஊர்ப் பக்கம் போகும் உசிலம்பட்டி பஸ் வரவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள், மாடு கறக்க வேண்டுமாம்.

பெரியார் நிலையத்தில் நாங்கள் அத்தனை பேரும் கோப்பையோடு டவுன் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நின்றேன். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா எல்லாரும்?"

பழக்கத்தில் எல்லாரும் பாண்டிமீனாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ப..." என்றேன்.

"பழங்காநத்தமா?"

"இல்லண்ணே. ப... ப..."

"பைபாஸ் போகாதும்மா இது."

"பொறுண்ணே," என்றேன். "சொல்றேன்ல."

அவர் பொறுத்தார். பின்னால் யாரோ சீக்கிரம் என்றார்கள், அவர்களும் பொறுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டேன். "ப... ப... பசுமலை."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. மூலக்கரை வந்தது, பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.